பத்தாவது வருடம் நீங்கள் இருப்பீர்களா, தம்பிமாரே?

ஓ.எல். எழுதிப் பிரியும் பிள்ளைகளின் போட்டோ, வொய்ஸ், கடிதம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி, பத்து வருடம் கழித்துத் திறக்கும் 'டைம் கெப்சூல்' செயலி செய்யப் போகிறார்களாம். திறக்கும் நாளில் பட்டாசு வெடிக்கும் அனிமேஷன் வரை யோசித்தாயிற்று. பத்தாவது வருடம் சேர்வருக்கு யார் காசு கட்டுவது என்றால் மட்டும் சத்தமில்லை.

ஓர்குட் 2004இல் வந்தது, 2014இல் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2011இல் வந்து 2019இல் போனது. இரண்டையும் நடத்தியது சின்னக் கம்பனியல்ல, கூகுள்! அவர்களாவது மூடுமுன் அவரவர் படங்களை இறக்கி எடுக்க அவகாசம் தந்தார்கள். மைஸ்பேஸ் அதையும் தரவில்லை. சேர்வர் மாற்றும்போது பல வருடப் பாட்டுகளைத் தொலைத்துவிட்டு 2019இல்தான் ஒப்புக்கொண்டது. உங்கள் செயலியிலோ பூட்டுத்தான் விசேஷமே. நீங்கள் கடையை மூடினால் பிள்ளை எதை இறக்கி எடுப்பது?

வெஸ்டிங்ஹவுஸ் கம்பனி 1938இல் நியூயோர்க்கில் ஒரு கெப்சூலைப் புதைத்தது. திறக்கும் ஆண்டு 6939. அது இருக்குமிடத்தைப் புத்தகமாக அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். தாங்கள் இருக்கமாட்டோம் என்று தெரிந்து செய்த வேலை அது.

நீங்களும் செய்யலாம். பூட்டிய பிரதி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கட்டும். சாவியை முப்பது துண்டாக்கி முப்பது பேருக்கும் கொடுங்கள். பதினைந்து பேர் கூடினால் திறக்கட்டும். இதற்கான கணக்கை அடி ஷமீர் 1979இலேயே எழுதிவிட்டார், புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

அதெல்லாம் ஏலாதென்றால், அமானிதம் என்ற சொல்லை விளம்பரத்தில் போடாதீர்கள். எங்கள் பிள்ளைகளின் குரலையும் கேட்டு வராதீர்கள்.