மனோரதமும் மோட்டார் ரதமும்

மனோரதம் என்று ஒரு வாகனம் எல்லோரிடத்திலும் இருக்கிறது. அதற்குப் பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், சாலை கூட வேண்டாம். நினைத்த மாத்திரத்தில் சந்திர மண்டலத்துக்குப் போய்த் திரும்பலாம். ஆனால், அதில் ஏறி இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஏழெட்டு மைல் வந்து சேர முடியாது என்பது ஒன்றே அதன் குறை. அந்தக் குறையை நீக்க மோட்டார் ரதம் வந்தது. வந்த பிறகாவது மனிதன் திருப்தி அடைந்தானா என்றால், இல்லை. மோட்டார் ரதத்துக்குள்ளே மனோரதத்தைப் பூட்ட வேண்டும் என்று புறப்பட்டுவிட்டான்!

கடையில் வாங்கிய சாதாரணக் காருக்குள் தன் கையால் செய்த மின்னணுக் கருவிகளைப் பொருத்தி, விஞ்ஞானக் கதைகளில் வரும் கார் போல் அதைப் பேசவும் கண்சிமிட்டவும் வைக்கும் கலையைத்தான் சொல்கிறேன். இதற்கு மூலபுருஷன் 1982-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய ‘நைட் ரைடர்’ என்னும் தொடரில் வரும் ‘கிட்’ என்ற கறுப்புக் கார். அதன் மூக்கில் ஒரு சிவப்பு ஒளி இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருக்கும். எஜமானனோடு அது சம்பாஷிக்கும். சமயத்தில் பரிகாசமும் செய்யும். சாரதி இல்லாமலே ஓடும். தொடர் 1986-இல் முடிந்துவிட்டது. ஆனால், தங்கள் காரையும் அவ்வாறு ஆக்கிவிட வேண்டும் என்று புறப்பட்டவர்களின் உற்சாகம் இன்றளவும் முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சாரதியில்லாமல் ஓடிய அந்தக் காருக்குள் உண்மையில் ஒரு சாரதி இருந்தார்! ஆசனத்தைப் போலவே தைத்த உறைக்குள் மறைந்து உட்கார்ந்து ஓட்டினார். காரின் குரலும் வில்லியம் டேனியல்ஸ் என்னும் நடிகருடையது. ஆகவே, கதையில் காட்டியதெல்லாம் கண்கட்டு வித்தை. அதை நம்பிப் பட்டறையில் உட்கார்ந்தவர்கள் செய்ததோ மெய்யான வித்தை. பொய்யைப் பார்த்து மெய்யைச் செய்வது மனித புத்தியின் விசேஷங்களில் ஒன்று.

“இதெல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது” என்று சில நண்பர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள் என்பது தெரியும். புஷ்பக விமானம் நினைத்த இடத்துக்குப் போகவில்லையா? இராமபிரானிடம் பேசவே இல்லையா? அவ்வளவு தூரம் போவானேன்? ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வாருங்கள். மற்றக் கோயில்களில் கருடன் எதிரே கைகூப்பி நிற்பான். இங்கே ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் பக்கத்தில், ஒரே பீடத்தில் நிற்கிறான். அரங்கனைக் குறித்த வேளையில் கொண்டுவந்து சேர்த்ததற்காக வாகனத்துக்குக் கிடைத்த மரியாதை அது என்று சொல்வார்கள். வாகனத்தைத் தோழனாகக் கருதும் எண்ணம் நமக்குப் புதிதன்று.

வாஸ்தவம். ஆனால் எண்ணம் இருந்தது என்பதும், இயந்திரம் இருந்தது என்பதும் ஒன்றல்ல. கற்பனை நம் பாட்டனார் வைத்த சொத்து. அதை எடுத்துச் செலவழித்து ஒரு பொருளைச் செய்தால்தான் நமக்குப் பெருமை.

அப்படிச் செய்தவர்கள் நம் தேசத்தில் இல்லாமற் போகவில்லை. ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில், கம்பி இல்லாமல் மின்னலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, தூரத்தில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தை வெடிக்கச் செய்தார். கருவிகளைக் கல்கத்தாவிலேயே செய்துகொண்டார். அடுத்த ஆண்டிலேயே வங்காளியில் ஒரு விஞ்ஞானக் கதையும் எழுதினார். தலைக்குத் தடவும் தைலத்தைக் கடலில் கொட்டிப் புயலை அடக்கியதாகக் கதை! தைல வியாபாரி ஒருவர் நடத்திய போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. நம் தமிழில் சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளராய் இருந்து, வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டார். மறுபக்கம் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் இயந்திர நாயைப் படைத்தார். நாய்க்குப் பெயர் பெற்ற இராஜபாளையத்தில் ஜீனோவுக்கு என்ன வரவேற்பு கிடைக்கும் என்பது வேறு விஷயம். வாசலில் அசல் இராஜபாளையம் நாய் நிற்கும் வீட்டில், காருக்குத் திருட்டு எச்சரிக்கைக் கருவி செய்வது வீண் செலவு.

இனிப் பட்டறைக்குப் போவோம். அந்த ஓடும் ஒளியைச் செய்வது பிரம்ம வித்தையன்று. 555 என்னும் சில்லு, நாடி துடிப்பதுபோல் சீராக மின்துடிப்புகளை விடுகிறது. 4017 என்னும் மற்றொரு சில்லு அவற்றை எண்ணுகிறது. இதற்குப் பத்து வாசல்கள்; ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வாசல் மட்டும் திறக்கும். ஆறு எல்.இ.டி. விளக்குகளை வரிசையாக வைத்து முதல் ஆறு வாசல்களை முறையே அவற்றோடு இணைக்க வேண்டும். எஞ்சிய நான்கு வாசல்களை ஐந்தாம், நான்காம், மூன்றாம், இரண்டாம் விளக்குகளுக்குத் திருப்பிவிட வேண்டும். ஒளி ஒரு கோடிக்குச் சென்று தானே திரும்பி வரும். இரண்டு வாசல்களுக்குப் பொதுவான விளக்குகளில், ஒன்றின் மின்சாரம் மற்றதற்குள் நுழைந்துவிடாமல் டயோடுகள் துவாரபாலகர்களாக நிற்கும். அவ்வளவே!

பேச வைப்பதும் இன்று எளிது. சமீப காலத்துக் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே பரிசோதனைக்கென்று ஒரு துளை இருக்கிறது. வேகம், எஞ்சினின் சூடு முதலியவற்றை அதன் வழியே ஒரு சிறு கணினிப் பலகை வாசித்துக்கொள்ளும். தக்க சமயத்தில் பதிவு செய்த குரலை ஒலிக்கும். அந்தக் குரல் எதற்காக அமெரிக்கர் குரலாக இருக்க வேண்டும்? “எஞ்சின் கொதிக்கிறது, அப்பா! ஓரமாக நிறுத்து” என்று வீட்டுப் பாட்டியின் குரலில் சொன்னால், எந்தப் பேரன் மீறுவான்?

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். காரின் மின்சாரம் பெயருக்குத்தான் 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14-க்கு மேலும் ஏறும். சில கணங்களில் இன்னும் பொங்கும். ஆகையால் சில்லுகளுக்கு முன் மின்னழுத்தத்தை நிதானப்படுத்தும் கருவியும், பாட்டரிக்கு அருகிலேயே தக்க ஃபியூஸும் அவசியம். சிவகாசி பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் காருக்குள்ளும் வாணவேடிக்கை நடத்த வேண்டியதில்லை. இரண்டாவது: கணினிப் பலகை வாசிப்பதோடு நிற்கட்டும், பிரேக், ஸ்டியரிங் சம்பந்தமான கம்பிகளை வீட்டு வைத்தியத்துக்கு உட்படுத்துவது கூடவே கூடாது.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் ஸுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. முன்பக்கம் சிவப்பு விளக்குக் காட்டுவதற்கும் விதிகளில் இடமில்லை. மந்திரிகளின் கார்களிலிருந்தே 2017 மே முதல் தேதி அது இறங்கிவிட்டது. ஆகவே ‘கிட்’டின் சிவப்புக் கண் வீட்டுக் கொட்டகையிலும் கண்காட்சியிலும் சிமிட்டலாம், சாலையில் சிமிட்டலாகாது.

இதைக் கேட்டதும் “எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை!” என்று இளைஞர்கள் சலித்துக்கொள்ளக் கூடும். முட்டுக்கட்டை என்பது தேரோட்டத்துச் சொல். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் பெரிய தேர் அசைந்து வருவதைக் கண்டவர்கள் அதை இழிவாகப் பேசமாட்டார்கள். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேராக இருக்கலாம். சக்கரத்தடியில் கட்டை போடுகிறவனுடைய கண்ணும் கையும் தவறினால் தேர் வீட்டுத் திண்ணைமேல் ஏறிவிடும். ஓடுகிற தேரை நெறிப்படுத்தும் கட்டை தேருக்கு நண்பன். சாலை விதிகள் அவ்வகையைச் சேர்ந்தவை.

வேறொரு கட்டையும் உண்டு. தேர் நிலையைவிட்டுக் கிளம்பு முன்பே அடியில் செருகிவைப்பது. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அதை அனுபவித்தவர். ஓட்டலில் வேலை செய்து சேர்த்த முந்நூறு ரூபாயில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி, மறுபடி பூட்டியதே அவர் படித்த காலேஜ். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். பின்னர் மின்சாரச் சவரக் கருவி செய்தார். 1952-இல், இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கக்கூடிய இருவர் அமரும் காரை உருவாக்கினார். சர்க்கார் உற்பத்திக்கு உரிமம் தரவில்லை. அந்தத் தேர் நிலையிலேயே நின்றுவிட்டது. அந்நியர் ஆண்ட காலத்தில் அன்று, நாம் நம்மை ஆளத் தொடங்கிய பிறகு!

ஆகவே நாம் கேட்க வேண்டியது விதியே வேண்டாம் என்பதன்று. எந்தக் கட்டை எங்கே போடப்படுகிறது என்பதே. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி ‘பெல்’ தொழிற்சாலையார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். தேரின் அழகு குறையவில்லை, அபாயம் குறைந்தது. பழைய ரதத்தில் புதிய யந்திரத்தைப் பொருத்தும் முறைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. செய்பவன் செய்யட்டும், அறிந்தவர் பரிசோதிக்கட்டும், தேறினால் சாலைக்கு வரட்டும். இதற்கு ஒரு வாசல் ஒவ்வொரு ஜில்லாவிலும் திறந்திருக்க வேண்டும்.

சில்லுகள் அயல்நாட்டில் பிறந்தவைதானே என்று கேட்டால், நாயுடு கழற்றிய மோட்டார் சைக்கிளும் அயல்நாட்டுச் சரக்குத்தான். ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் துணிவில் சுதேசியம் ஆரம்பமாகிறது. ஆகவே, தாய்மார்களே! உங்கள் பிள்ளை ஸ்குரூ டிரைவரும் கையுமாகக் காரின் அடியில் படுத்திருந்தால் கோபிக்க வேண்டாம். பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டானா என்று மட்டும் விசாரியுங்கள்.