டால்டாவுக்குள்ள நம்ம எள்ளு

வனஸ்பதி டின்னுக்குள்ள நம்ம எள்ளுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தாங்க, தெரியுமா? நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் கண்டுபிடிக்க, அதில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கணும்னு அரசே விதி வைத்தது. ஆய்வகத்தில் அமிலமும் ஃபர்ஃபுராலும் பட்டதும் நல்லெண்ணெய் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மற்ற எண்ணெய்க்கு அந்த அடையாளம் இல்லை. நிக்கல் தூள் போட்டுச் சூடாக்கி, அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டியாகிவிடும். நிறமும் வாசமும் போயாச்சு. கடலையா, பருத்திக்கொட்டையா, பாமாயிலா? யாருக்குத் தெரியும்! 1937இல் டால்டா வந்தது முதல் இதே கதைதான். எது விலை மலிவோ அதுதான் உள்ளே போகும். இன்றைக்கு அது இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வரும் பாமாயில்.

2022 ஜனவரி முதல் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாதுன்னு சட்டம் வந்தது. நல்லதுதான், இதயத்துக்கு. ஆனா ஆலைக்காரர் செய்முறையை மாற்றிக்கொள்வார். நம்ம கடலையைத் தேடி வரமாட்டார்.

எள்ளையும் கடலையையும் மூட்டையாக மண்டிக்கு அனுப்பினால் நம்ம ஊர்ப் பேர் அங்கேயே அழிந்துபோகும். செக்கில் ஆட்டி, ரகமும் ஊரும் எழுதி நாமே விற்கணும். முதலில் கல்யாணச் சமையல்காரரிடம் பேசுங்க. டின் டின்னா வாங்குறவர் அவர்தான்.