காலனிக்குள்ளும் வரட்டும் மருத்துவப் பாடம்

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத சிகிச்சை. மாத்திரை இலவசம்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூலி இல்லை. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டும். பாதியில் நிறுத்தியவரை 'அலட்சியம்' என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் நிறுத்தினார் என்று கேட்கக் கற்பதுதான் மருத்துவம்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டப்படி, எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கிராமக் குடும்பங்களைச் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பு ஊர்த்தெருவோடு நின்றுவிடக் கூடாது. காலனி வீட்டிலும் உட்கார்ந்து, கொடுக்கும் தண்ணீரைக் குடித்து, அடுப்பு எரிந்ததா, காசநோயாளிக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

தத்தெடுக்கும் குடும்பங்களின் பட்டியலில் காலனிகளையும் சேர்க்குமாறு மருத்துவக் கல்லூரி நிர்வாகங்களைக் கோருகிறோம். நாம் கேட்பது இரக்கமல்ல, முறையான சிகிச்சை.