செலவாகிவிட்டது, சரி, வேலை செய்கிறதா?

"சர்வீஸில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று யாராவது கேட்டு, "மானியப் பிரிவில் இருந்தேன்" என்று சொன்னால், "உர மானியமா, காஸ் மானியமா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். இரண்டும் இல்லை. காவல், தீயணைப்பு, பேரிடர் மேலாண்மை போன்ற பொதுப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அரசு ஒதுக்கும் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா, சொன்ன காரியத்துக்குத்தான் செலவாகிறதா என்று பார்க்கிற வேலை. பணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கோப்புகள்தான்.

அந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு ஒரு கருத்தைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பாதுகாப்புக்கென்று ஒதுக்கும் பணத்தில் நாம் கேட்கிற கேள்வியே தவறு.

முதலில் இந்தப் பணம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உதாரணத்துக்குக் காவல்துறை நவீனமயமாக்கல் திட்டம். 1969-70இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. நம் மாநிலம் போன்றவற்றுக்கு இப்போது மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. இந்த மாதிரித் திட்டங்களில் பணம் மொத்தமாக வராது, தவணை தவணையாக வரும். வாங்கிய பணத்துக்குப் 'பயன்பாட்டுச் சான்றிதழ்' கொடுக்க வேண்டும். ஆபீஸ் பேச்சில் 'யூ.சி.' நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. அது போகாவிட்டால் அடுத்த பணம் நிற்கும். அதனால் எங்களுக்கு யூ.சி.தான் குலதெய்வம்.

அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் பாதிப் பணம் வழியிலேயே கரைந்துவிடும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, எவ்வளவு மீதி, என்ன வாங்கினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் வாங்கிய பொருள் மூன்று வருஷம் கழித்து ஓடுகிறதா என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது. ஏனென்றால் அதற்குள் கோப்பு மூடப்பட்டு ரிக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும்.

ஒரு சமயம் ஒரு மாவட்டத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். வெள்ளக் காலத்துக்கென்று மானியத்தில் வாங்கிய ரப்பர் படகுகள் ஒரு கொட்டகையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரி. பில் சரி. யூ.சி. சரி. இரண்டு படகுகளை எலி கடித்திருந்தது. எஞ்சினை ஓட்டத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்குப் பயிற்சி கொடுக்கத் தலைப்பு இல்லை, அதாவது அந்தச் செலவை எழுதக் கணக்கில் இடம் இல்லை. அங்கே இருந்த ஊழியர் என்னிடம், "சார், தணிக்கைக்கு இது படகு. தண்ணி வந்தா இது படகு இல்லை" என்றார். அதைவிடத் தெளிவாக எந்தத் தணிக்கைப் பத்தியும் எழுதப்பட்டதில்லை.

திருட்டு என்று சொல்ல அங்கே எதுவும் நடக்கவில்லை. வாங்கிக் கொடுப்பது ஒரு திட்டம், பராமரிப்பது இன்னொரு கணக்கு. திட்டப் பணம் பொருள் வாங்க வரும். பெட்ரோல், பேட்டரி, பழுது பார்ப்பது, ஆள் சம்பளம் எல்லாம் மாநிலத்தின் வழக்கமான செலவில் வர வேண்டும். அந்தக் கோப்பு வேறு பிரிவில் இருக்கும். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு, எந்த வீட்டில் சமைப்பாள் என்று பேசாமல் விட்டது போல.

அதோடு மார்ச் மாதம். ஒப்புதல், அரசாணை, மாநிலப் பங்கு, டெண்டர் என்று ஒவ்வொன்றாக முடித்துப் பணம் கைக்கு வரும்போது வருஷக் கடைசி ஆகியிருக்கும். கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவு செய்வது நிதி ஒழுங்குக்கு விரோதம் என்று பொது நிதி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் மார்ச் 31 தாண்டினால் பணம் போய்விடுமே என்ற பயம் அந்த விதியைவிடப் பெரியது. மூன்று வாரத்தில் ஆளுக்குப் பயிற்சி கொடுத்து முடிக்க முடியாது. கேமராவும் வண்டியும் வாங்க முடியும். அதனால் எப்போதும் பொருள்தான் ஜெயிக்கும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு 2013 மத்திய பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பகுதி செலவாகாமல் கிடந்தது. 'இத்தனை கோடி செலவழிக்கப்படவில்லை' என்று பத்திரிகைகள் எழுதின, நாமும் படித்துக் கொதித்தோம். கொதித்தது நியாயம்தான். ஆனால் செலவு சதவீதத்தை மட்டுமே கேட்டால் அதிகாரி என்ன செய்வார்? சீக்கிரம் செலவாகிற பொருளாகப் பார்த்து வாங்குவார். சதவீதம் ஏறும். ராத்திரி பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண்ணுக்கு என்ன மாறியது என்பது அந்தச் சதவீதத்தில் தெரியாது.

ஆளுக்குச் செலவு செய்த திட்டமும் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா அப்படி ஒன்று. 2016இல், வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் மாவட்டத்துக்கு 200 தன்னார்வலர்கள் என்று தொடங்கினார்கள். பிறகு ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்று விரிவாக்கினார்கள். மீட்பும் முதலுதவியும் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அதை எலி கடிக்காது. அவ்வப்போது நினைவூட்டிப் பழக்கினால் போதும்.

என் யோசனை மூன்றுதான். ஒன்று, பொருள் வாங்க அனுமதி கொடுக்கும் அரசாணையிலேயே ஐந்து வருஷப் பராமரிப்பு யார் செலவு, எந்தக் கணக்கு, யார் இயக்குவார் என்று எழுத வேண்டும். அது இல்லாமல் பணம் விடக்கூடாது. இரண்டு, மூன்றாம் வருஷம் ஒரு பக்க அறிக்கை: வாங்கியது எத்தனை, இன்று ஓடுவது எத்தனை. மூன்று, முதல் தவணை வருஷத் தொடக்கத்திலேயே வர வேண்டும். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

அது வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம்மில் பலருக்கு இப்போது நேரம் இருக்கிறது, மனு எழுதவும் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்தான். உங்கள் ஊர் காவல் நிலைய எல்லைக்குள் அரசுப் பணத்தில் வைத்த கேமராக்கள் எத்தனை, இன்று அதில் எத்தனை வேலை செய்கின்றன, பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதி வரை என்று மூன்றே கேள்வி கேளுங்கள். எவ்வளவு செலவு என்று கேட்க வேண்டாம். அதற்குப் பதில் எப்போதும் தயாராக இருக்கும். இந்த மூன்றுக்கும் பதில் எழுத ஒருவராவது எழுந்து போய்க் கேமராவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அப்படி ஒருவர் போய்ப் பார்த்தாலே மனு போட்ட பத்து ரூபாய்க்கு வேலை நடந்தது போலத்தான்.