ஆராய்ச்சி மானியமும் உழைப்பு அத்தாட்சியும்

பண்ணை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஆட்கூலிக் கணக்கின் அவசியத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நடவுக்கு 20 ஆட்கள் வந்தார்களென்று மேஸ்திரி சொன்னால், மிராசுதார் வரப்பின்மேல் நின்று தலை எண்ணிப் பார்த்த பின்னரே கூலியைக் கொடுக்கிறார். ஓர் ஆள் காலையில் தம் வயலிலும் பிற்பகலில் அடுத்தவர் வயலிலும் வேலை செய்வானாயின், அரை நாட்கூலியைத் தாம் கொடுத்து, மற்ற அரை நாளை அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார். இருவரிடமும் முழு நாட்கூலி பெற்றவன் இருவரையும் ஏமாற்றினவனே யாவான். எழுத்தறியாதவர்க்கும் விளங்கும் இந்த நியாயம், சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களின் சம்பளக் கணக்கில் எவ்வாறு கையாளப்படுகிறதென்பதையும், அதனின்று நாம் கற்கத்தக்கது யாதென்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

இக்கணக்கை நெடுங்காலமாக ஆராய்ந்து, திருத்தி, மறுபடியும் திருத்தி வந்திருப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளே. அங்கே விவசாய ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் வழங்குவது பழைய வழக்கம். 1862-ஆம் வருஷத்து மாரில் சட்டத்தினால் நிலக்கொடைக் கலாசாலைகள் தோன்றின. 1887-ஆம் வருஷத்து ஹாட்ச் சட்டம் பரிசோதனைப் பண்ணைகளுக்காக ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் வருஷம் 15,000 டாலர் அளித்தது. ஆராய்ச்சியின் பயனைக் குடியானவர் வீட்டு வாயிலுக்குக் கொண்டுசேர்க்கும் பொருட்டு 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. நம் தேசத்து விவசாய சர்வகலாசாலைகள், 1960-இல் பந்த்நகரில் தொடங்கியது முதலாக, இந்த மாதிரியைத் தழுவி அமைந்தவை. கோயம்புத்தூர்ச் சர்வகலாசாலையும் 1971-இல் இவ்வரிசையிற் சேர்ந்தது. ஆகையால் அவர்களுடைய கணக்கிற் கண்ட குணமும் குற்றமும் நமக்கு அயலானவை அல்ல.

ஹாட்ச் சட்டத்துப் பணம் ஒரு பண்ணை முழுவதற்குமாக வந்தது. பிற்காலத்தில், முக்கியமாக இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின், தனித்தனி ஆராய்ச்சித் திட்டத்துக்குத் தனித்தனி மானியம் என்னும் முறை பெருகிற்று. இங்கேதான் சிக்கல் பிறந்தது. ஒரே ஆசிரியர் மாணாக்கருக்குப் பாடம் சொல்கிறார். ஒரு மானியத்தில் பயிர் நோயை ஆராய்கிறார். மற்றொரு மானியத்தில் மண்ணை ஆராய்கிறார். கலாசாலையின் சபைகளிலும் அமர்கிறார். இவருடைய சம்பளத்தில் எந்தப் பங்கை எந்த மானியத்தின்மேல் எழுதுவது? விதைக்கும் உரத்துக்கும் ரசீது உண்டு. மனிதன் உழைத்த வேளைக்கு ரசீது யார் கொடுப்பார்? அந்த ரசீதாகவே உழைப்பு அத்தாட்சி ஏற்பட்டது. ஒரு பருவம் முடிந்த பின், இன்னார் தம் உழைப்பில் நூற்றுக்கு இத்தனை பங்கு இன்ன மானியத்தில் செலவிட்டார் என்று எழுதிக் கையொப்பமிடுவதே அது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பங்கு கணக்கிடுவது வாரத்துக்கு 40 மணி என்ற நிலையான அளவின்மேல் அன்று. அவர் உண்மையில் உழைத்த முழு வேளையின்மேலாகும். ஒருவர் வாரத்தில் 60 மணி உழைத்து, அதில் 30 மணியை ஒரு மானியத்துக்குச் செலவிட்டால், அம்மானியத்தின் பங்கு நூற்றுக்கு 50. 40 மணியை அளவாக வைத்து 75 என்று எழுதினால், கூடுதலான 25 பங்கு பொய்க்கணக்காகும். எல்லா வேலைகளையும் கூட்டினால் 100 வரவேண்டும். ஒரு பங்கு மிஞ்சவுங் கூடாது, குறையவுங் கூடாது. சம்பளம் பெறாமலே உழைப்பதாக மானிய விண்ணப்பத்தில் வாக்களித்திருந்தால், அந்த உழைப்பும் கணக்கில் வரவேண்டும். அடுத்த மானியத்துக்கு விண்ணப்பம் எழுதிய வேளையை இப்போதைய மானியத்தின்மேல் ஏற்றவும் ஆகாது.

இவ்விதிகள் ஒரே நாளில் ஏற்படவில்லை. சர்வகலாசாலைச் செலவினங்களைப் பற்றி 1958-இல் ஏ-21 என்னும் சுற்றறிக்கை பிறந்தது. உழைப்புக் கணக்கை வற்புறுத்துவதும், ஆசிரியர்களின் ஆட்சேபத்தின்மேல் தளர்த்துவதுமாகச் சில காலம் சென்றது. 1979-இல் உழைப்பின் 100 பங்கையும் காட்டவேண்டும் என்ற திருத்தம் வந்தது. முடிவாக 2013 டிசம்பரில் பல சுற்றறிக்கைகளை ஒன்றாக்கிப் பொதுவிதி வெளியிடப்பட்டு, 2014 டிசம்பர் 26 முதல் அமுலுக்கு வந்தது. வரவுசெலவு மதிப்பீட்டில் முன்கூட்டி எழுதிய பங்கு மட்டும் சான்றாகாது. வேலை நடந்த பின் அதனை உண்மையோடு ஒத்துப் பார்த்துத் திருத்தவேண்டும் என்பது அதன் சாரம். தலைமை ஆராய்ச்சியாளர் 3 மாதத்துக்கு மேல் திட்டத்தை விட்டு விலகினாலும், அவர் அளிப்பதாகச் சொன்ன வேளையில் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தாலும், மானியம் கொடுத்தவரிடம் முன் அனுமதி பெறவேண்டும் என்ற விதியும் உண்டு.

விதியை மீறினால் வரும் நஷ்டம் சிறிதன்று. உள்நாட்டு யுத்த காலத்தில் சைனியத்துக்குப் பொய்க்கணக்குக் காட்டிய குத்தகைதாரர்களைத் தண்டிக்க 1863-இல் இயற்றிய சட்டமே இப்போது சர்வகலாசாலைகள்மீதும் பாய்கிறது. ஆராய்ச்சியாளர் அளிப்பதாகச் சொன்ன உழைப்பை அளிக்கவில்லை என்ற வழக்கில் 2003-இல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை 55 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. கோடை மாதங்களில் முழு உழைப்பையும் மானியத்தின்மேல் எழுதிவிட்டு வேறு வேலைகளும் செய்தார்கள் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுக்களின் பேரில் 2008-இல் யேல் சர்வகலாசாலை 76 லட்சம் டாலர் கொடுத்தது. கீர்த்தி பெற்ற கல்விச்சாலைகளுக்கே இந்த நிலை.

மறுபக்கத்து வாதத்தையும் நாம் நியாயமாகக் கேட்கவேண்டும். பாடம் சொல்வதும் ஆராய்வதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பது ஆசிரியர்களின் வாதம். ஆராய்ச்சிக் கூடத்தில் மாணாக்கனுக்கு நுண்பெருக்கிக் கண்ணாடியில் பூஞ்சணத்தைக் காட்டும் அரை மணி நேரம் பாடமா, ஆராய்ச்சியா? அணுவளவும் பிசகாத கணக்கை எதிர்பார்க்கலாகாது என்று விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. மேலும், மானியம் பெற்ற தலைமை ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ச்சிக்குரிய தங்கள் காலத்தில் நூற்றுக்கு 42 பங்கை விண்ணப்பம், அறிக்கை, அனுமதி முதலிய காகித வேலைகளில் இழக்கிறார்கள் என்று 2005-லும் 2012-லும் நடந்த விசாரணைகள் காட்டின. 2018-இல் அது 44 ஆயிற்று. உழைப்பு அத்தாட்சி இச்சுமையில் ஒரு பகுதியே யாயினும், பகுதிதான். இதனை உத்தேசித்து 2011 முதல் நான்கு சர்வகலாசாலைகளில் ஒரு சோதனை நடந்தது. ஆளுக்கொரு தாள் என்பதை விட்டு, அந்த மானியத்தில் யார் யாருக்கு எவ்வளவு சம்பளம் எழுதப்பட்டது என்ற பட்டியலைத் திட்டத் தலைவர் வருஷத்துக்கொரு முறை பார்த்து, செய்த வேலைக்கு இது பொருந்தும் என்று கையொப்பமிடுவது அம்முறை.

இவ்விரு வாதங்களுக்கும் நடுவே என் அபிப்பிராயம் இது. அத்தாட்சியை எடுத்துவிடலாகாது, ஆனால் தாளைப் பெருக்குவதால் உண்மை பெருகுவதில்லை. கையொப்பமிடுகிறவர் வேலையை நேரிற் கண்டவராகவோ, கண்டவரிடம் தக்கபடி விசாரித்தவராகவோ இருக்கவேண்டும். இதுவே முழுச் சாரம். மணிக்கணக்கில் எழுதிய நூறு தாள்களைக் காணாதவர் ஒப்பமிடுவதைவிட, கண்டவர் இடும் ஒரே ஒப்பம் மேலானது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இதை விளக்க அடங்கலே போதும். வயலுக்குச் சென்று பயிரைக் கண்டு எழுதிய அடங்கல் சான்றாகும். சென்ற பசலியின் ஏட்டைப் பார்த்து இந்தப் பசலிக்கு எழுதிய அடங்கல், எவ்வளவு அழகிய கையெழுத்தாயினும், சான்றாகாது. நிலக்கடலை நின்ற வயலில் நெல் என்று எழுதிவிட்டால், வெள்ளத்திலோ வறட்சியிலோ பயிர் அழிந்த நாளில் நிவாரணம் கேட்டு வரும் குடியானவன் அந்த ஒரு சொல்லினால் திரும்பிப் போகிறான். மதிப்பீட்டுப் பங்கை அப்படியே அத்தாட்சியாக எழுதும் சர்வகலாசாலைக்கும், பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதும் உத்தியோகஸ்தருக்கும் வேற்றுமை ஏதும் எனக்குத் தோன்றவில்லை.

பிறர் குற்றத்தைச் சொல்ல முன்வந்தவன் தன் குற்றத்தை மறைப்பது அழகன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு திட்டத்தின் கீழ், ஒரு மிராசுதாருடைய வயலில் பசுந்தாள் உரச் சோதனை வைத்தேன். வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தக்கைப்பூண்டை மடக்கி உழுது, மறு பாதியை அவ்வாறு செய்யாமல் விட்டு, இரண்டிலும் ஒரே ரக நெல்லை நட்டோம். நட்டது முதல் வாரந்தோறும் குறித்த குத்துக்களில் தூர் எண்ணிக் குறிக்கவேண்டியது என் வேலை. என் சம்பளம் முழுதும் அத்திட்டத்தின்மேலேயே எழுதப்பட்டது. ஆனால் அப்பருவத்தில் விதை வினியோகத்துக்கும், கண்காட்சிக்கும், வேறு ஜாபிதா எடுப்பதற்கும் நான் அனுப்பப்பட்டேன். எட்டு வாரங்களில் மூன்று வாரங்களே அவ்வயலுக்குச் சென்றேன். மாதக் கடைசியில் என் தினசரிக் குறிப்பில் திட்டத்தின் பெயரையே எல்லா நாட்களுக்கும் எழுதி ஒப்பமிட்டேன். அப்படி எழுதும்படி ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. வேறு விதமாக எழுதினால் கேள்வி வருமே என்ற அச்சமே எழுதச் செய்தது.

அறுவடையில் பசுந்தாள் இட்ட பாதி கூடுதலாகவே கண்டது. ஆனால் அக்கூடுதல் தூர் பெருகியதால் வந்ததா, கதிர் நீண்டதால் வந்ததா, மடைக்கு அருகிலிருந்த அப்பாதிக்கு நீர் நன்றாகப் பாய்ந்ததால் வந்ததா என்று சொல்ல என்னிடம் எண்ணிக்கை இல்லை. அடுத்த வருஷம் தம் நிலம் முழுவதும் தக்கைப்பூண்டு விதைக்கலாமா என்று கேட்ட மிராசுதாருக்கு உறுதியான பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். அவர் மெதுவாக, “ஐயா, தாங்கள் வராத வாரங்களுக்கும் என் வயலின் பேரில்தானே சம்பளம் எழுதினார்கள்?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். டிப்ளமா வகுப்பில் சோதனை வயலைப் பற்றி நான் கற்றதனைத்தையும்விட அந்த ஒரு கேள்வி எனக்கு அதிகம் கற்பித்தது. பொய்யான அத்தாட்சியினால் சர்க்கார் பணம் மட்டும் விரயமாவதில்லை; ஆராய்ச்சியின் முடிவே ஊனமாகிறது. அதை நம்பி ஏர் பூட்டுகிறவன் குடியானவன்.

அதுமுதல் என் குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதி வருகிறேன். வேறு வேலைக்குச் சென்ற நாளில் வேறு வேலை என்றே எழுதுகிறேன். கேள்விகள் வந்ததுண்டு. ஆனால் அக்கேள்விகளினாலேயே, ஒரே ஆளை நான்கு திட்டங்களில் இழுத்தால் ஒன்றும் முற்றுப்பெறாதென்பது மேலே உள்ளவர்களுக்கும் தெரியலாயிற்று. உண்மைக் கணக்கு உழைப்பாளிக்கு விரோதியன்று; அவனுடைய மிகுதியான சுமையைக் காட்டும் சாட்சியும் அதுவே.

நம் தேசத்தில் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்கள் விவசாய சர்வகலாசாலைகளில் நடக்கும்போது, செலவில் நூற்றுக்கு 75 பங்கை இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலும் 25 பங்கை ராஜ்யமும் ஏற்கும் ஏற்பாடு உண்டு. இரண்டு கைகள் கூலி கொடுக்கும் வயலில், எந்த வேலைக்கு எந்தக் கூலி என்ற தெளிவு இரட்டிப்பாக வேண்டும். அமெரிக்க விதியை வரிக்கு வரி இறக்குமதி செய்யும்படி நான் சொல்லவில்லை. மூன்று காரியங்கள் போதும். முதலாவது, உழைப்புக் கணக்கை வேலை முடிந்தபின் எழுதுவது, மதிப்பீட்டைப் பெயர்த்தெழுதாமை. இரண்டாவது, எல்லா வேலைகளையும் சேர்த்து 100 பங்கையும் காட்டுவது. மூன்றாவது, வேலையைக் கண்டவரே ஒப்பமிடுவது. பங்கில் ஐந்தோ பத்தோ முன்பின்னாக இருப்பதைப் பெருங்குற்றமாக்காமல், வேண்டுமென்று மறைப்பதை மட்டும் குற்றமாகக் கொண்டால், உத்தியோகஸ்தர் அச்சமின்றி உண்மை எழுதுவார்.

மிராசுதார் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் வயலில் எவரேனும் சோதனை வைத்தால், ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வீட்டில் வையுங்கள். வந்தவர் வந்த தேதியையும், பார்த்ததையும், எண்ணியதையும் அதில் எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். இதை அவமதிப்பாக எண்ணுகிற உத்தியோகஸ்தர் தம் வேலையில் ஐயமுள்ளவரே. நான் செல்லும் கிராமங்களில் அப்புத்தகத்தை நானே கேட்டு வாங்கி எழுதுகிறேன். பருவ முடிவில் என் குறிப்பையும் தங்கள் புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்திருந்தால், எந்தக் கணக்குத் தணிக்கையாளரும் அதைவிட நல்ல அத்தாட்சி கேட்கமாட்டார். ஒவ்வாதிருந்தால், அந்தச் சோதனையின் முடிவை நம்பி ஒரு குழி நிலத்தையும் உழவேண்டாம்.