பகிர்ந்துகொள்ள ஓரம்தான் இருக்கிறது

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் போகிற சாலையில் காலை ஏழு மணிக்கு ஒருநாள் நின்று பாருங்கள். சைக்கிள் செத்துப்போய்விட்டது என்று எழுதுகிறவர்கள் யாரும் அந்த நேரத்தில் எழுந்திருப்பதில்லை என்பது தெரிந்துவிடும். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கும் கரணையும் கட்டிய கொத்தனார் போவார். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க ஒருத்தர் போவார். புல்லுக்கட்டு மட்டும் தனியாகப் போவது போல இருக்கும், கிட்டே வந்தால்தான் அதற்கு முன்னால் ஆள் இருப்பது தெரியும். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் மூன்று பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டே போவார்கள்.

இவர்களில் வயசானவர்களிடம் கொஞ்ச காலமாக ஒரு புலம்பல். "பஸ்ஸு வந்தா தெரியும், டிராக்டர் வந்தா தெரியும். இது வர்றது இடிச்சப்புறம்தான் தம்பி தெரியுது." இது என்றால் பேட்டரி வண்டி.

இந்தப் புலம்பலுக்கு நம் ஆட்களிடம் ரெடிமேடாக இரண்டு பதில் இருக்கிறது. முதலாவது, "பெருசுங்களுக்கு எது புதுசா வந்தாலும் ஆகாது." இரண்டாவது இதைவிட மோசம். சைக்கிளைப் பற்றி உருகி உருகி ஒரு பதிவு போட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிளில் ஈசிஆரில் ஒரு ரவுண்டு போய்விட்டு வருவது. இரண்டு பதிலுமே அந்தக் கொத்தனார் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவர் பழைய காலத்தைக் கேட்கவில்லை. சாலையில் தனக்கு ஆபத்து என்கிறார். அவர் சொல்வது சரி.

ஏன் சரி? நம்மூர் சைக்கிளில் கண்ணாடி கிடையாது. பின்னால் வருவதைச் சைக்கிள்காரர் காதால்தான் பார்க்கிறார். லாரி சத்தம் கேட்டால் ஓரம் கட்டுவார், டிராக்டர் சத்தம் கேட்டால் டிரெய்லரின் அகலத்தை நினைத்து இன்னும் கொஞ்சம் இறங்குவார். முப்பது நாற்பது வருஷம் அந்தச் சாலையில் மிதித்துச் சேர்த்த அறிவு இது. சத்தமில்லாத வண்டி வந்த அன்றைக்கு அந்த அறிவு செல்லாமல் போய்விட்டது. கூடவே வேகம். அவர் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறார், அது இருபத்தைந்தில் வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இடியின் வலு நான்கு மடங்கு என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். எடை வேறு கூட.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவுகிற சைக்கிளும், பெடலே இல்லாமல் திருகினால் பாய்கிற ஸ்கூட்டரும் இந்தக் கணக்கில் ஒரே வரிசை. அதாவது அறுபது கிலோ ஸ்கூட்டரை அரசாங்கம் நம் கொத்தனாரின் சைக்கிளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "ரெண்டும் ஒண்ணுதான், அனுசரிச்சுப் போங்க" என்கிறது.

உலகம் முழுக்க இப்படியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீட்டர் என்று அதே எண்கள்தான். ஆனால் மிதிக்கிற வரைக்கும்தான் மோட்டார் உதவ வேண்டும், அப்போதுதான் அது சைக்கிள். 45 கிலோமீட்டர் வரை போகும் வகையை 2017 ஜனவரி முதல் நெதர்லாந்து மொபெட் கணக்கில் சேர்த்துவிட்டது, ஹெல்மெட்டும் நம்பர் பிளேட்டும் கட்டாயம். சீனாவில் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தரநிலைப்படி மின்சைக்கிளுக்குப் பெடல் இருந்தாக வேண்டியிருந்தது, பேட்டரியோடு சேர்த்து 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. இங்கே அந்த 25 என்பதே பேப்பரில் இருக்கிற எண். கன்ட்ரோலரில் ஒரு ஒயரைப் பிரித்தால் வேகக் கட்டுப்பாடு போய்விடும் வண்டிகள் உண்டு. அதைப் பிரித்துக் கொடுக்க மெக்கானிக் படிப்பெல்லாம் தேவையில்லை.

இடித்துவிட்டால் என்ன ஆகும்? பைக் இடித்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, 1988 சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். மோட்டார் வாகனமே இல்லாத வண்டி இடித்தால் அந்தக் கதவு திறக்காது. இடுப்பு எலும்பு உடைந்த கூலித் தொழிலாளி, தன்னைப் போலவே கையில் காசில்லாத இன்னொருத்தரிடம் நஷ்டஈடு கேட்டுப் பஞ்சாயத்தில் உட்கார வேண்டும். லைசென்ஸ் வேண்டாம் என்பது ஓட்டுகிறவருக்குச் சலுகை. இன்சூரன்ஸ் வேண்டாம் என்பது இடிபடுகிறவர் தலையில் கட்டிய செலவு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் அந்த விதியின் அயோக்கியத்தனம்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சைக்கிளுக்கு 12. 2025 செப்டம்பர் 22இல்தான் அதுவும் 5 ஆனது. ஆறு வருஷத்துக்கு மேல், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, கரண்ட்டே தேவைப்படாத வண்டிக்குக் கூடுதல் வரி போட்டு வைத்திருந்தோம். பச்சை நிறம் யாருக்குப் பூசப்படுகிறது, யாரிடமிருந்து உரிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் பேட்டரி வண்டிக்காரர்தான் எதிரியா? இங்கேதான் கொத்தனாரோடு நான் சண்டை போட வேண்டியிருக்கிறது. அதே சாலையில் பேட்டரி வண்டி ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். ரேஷன் மூட்டையோடு வரும் அக்கா, முட்டி தேய்ந்து பெடல் மிதிக்க முடியாமல் போன தாத்தா, பிள்ளையை டியூஷனில் விடப் போகிற அம்மா. லைசென்ஸ் ஆபீஸ் படியேற நேரமும் இல்லை, தைரியமும் இல்லை என்று இருந்தவர்களுக்கு இந்த வண்டி ஒரு விடுதலை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் ஊர் சிரித்தது, கண்டபடி பேசியது. அன்றைக்குச் சைக்கிளுக்காகப் பேசியவர்கள் இன்றைக்கு அந்த அக்காவின் வண்டியைப் பிடுங்கச் சொல்ல முடியாது.

சரி, அப்போ பிரச்சினை எங்கே? சாலையைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் பேசுகிறோம், சாலையை இங்கே யாரும் பகிரவில்லை. தார் போட்ட பகுதி முழுக்கக் காருக்கும் பஸ்ஸுக்கும் டிப்பர் லாரிக்கும் போய்விட்டது. மீதி இருப்பது ஓரம். தார் முடிந்து மண் தொடங்குகிற இரண்டடி. அறுவடைக் காலத்தில் பாகூர் பக்கம் அந்த இரண்டடியிலும் நெல் காயும். அதைக் குறை சொல்ல மாட்டேன், களம் இல்லாதவன் எங்கே காயவைப்பான்? அந்த இரண்டடியில்தான் சைக்கிளும் பேட்டரி வண்டியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் போகிற கார்க்காரர் இரண்டு பேரையும் பார்த்து ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறார். அவர்மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. அது மழை மாதிரி, வெயில் மாதிரி ஆகிவிட்டது.

எப்போதும் இப்படி இல்லை. முதலியார்பேட்டை ஏஎஃப்டி மில் ஓடின காலத்தில் ஷிப்ட் விடுகிற நேரம் சாலை சைக்கிளுக்குச் சொந்தம், வேறு வண்டிகள்தான் ஒதுங்கி நிற்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். கூட்டமாக வந்தவர்கள் ஒற்றை ஒற்றையாக ஆனார்கள், ஒற்றை ஆளை ஓரம் தள்ளுவது சுலபம்.

சைக்கிள் பாதை எப்படிப் போட வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 1962லேயே எழுதி வைத்துவிட்டது, 2015இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அப்படி ஒரு பாதையை நான் கண்ணால் பார்த்ததில்லை. சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் தார்தான் அகலமாகிறது, ஓரம் குறைகிறது.

ஆகவே கேட்க வேண்டியதைச் சரியான ஆளிடம் கேட்போம். மிதித்து ஓட்டுவதையும் திருகி ஓட்டுவதையும் சட்டம் பிரிக்கட்டும். திருகுகிற வண்டிக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் மலிவான ஒரு இன்சூரன்ஸாவது வேண்டும், அதை ஓட்டுகிறவர் தலையில் கட்டாமல் விற்கிற கம்பெனி கட்டட்டும். வேகத்தைப் பூட்டுவதற்கும் கம்பெனியே பொறுப்பு. மெதுவாக வரும்போது ஒரு சின்னச் சத்தம் எழுப்புகிற கருவி ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. இதெல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஓரத்தைக் கெட்டியாக்கி ஆறடி ஆக்குங்கள். கொத்தனாரும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் போக அது போதும்.

அதுவரைக்கும் கொத்தனாரிடம் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்க கோபம் நியாயம்ண்ணே. ஆனா கொஞ்சம் திரும்பிப் பாருங்க, உங்களைத் தள்ளினது பக்கத்துல வர்ற அந்தம்மா இல்ல.