வண்டிக்குக் கிரீஸ் கேட்டால் சீர்திருத்தவாதமா?

போன மாதம் அருப்புக்கோட்டையில் தோழர்கள் கூடி, துப்புரவுத் தொழிலாளர் கோரிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தோம். பணி நிரந்தரம், ஒப்பந்த முறை ஒழிப்பு, பி.எஃப். எல்லாம் முடிந்த பிறகு பின்னால் இருந்து ஒரு அக்கா எழுந்து, "வண்டிச் சக்கரத்துக்குக் கிரீஸ் வெக்கச் சொல்லியும் எழுதுங்க தம்பி" என்றார். சிரித்துவிட்டார்கள். "வண்டியே வேணாங்கிறோம், நீங்க கிரீஸ் கேக்குறீங்களே, இது சீர்திருத்தவாதம்க்கா" என்றார் ஒரு மாணவத் தோழர். கோரிக்கை தாளில் ஏறவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கம்மா இருபத்திரண்டு வருசம் இந்தக் கரிசல் பக்கத்தில் ஒரு ஊரில் குப்பை வண்டி தள்ளியவள். ஊர்ப் பேர் வேண்டாம், எதைச் சொன்னாலும் பொருந்தும். இரும்புத் தொட்டி, இரும்புச் சக்கரம், பேரிங் கிடையாது. மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். கோடையில் புழுதியில் புதையும். "கெளப்புறதுக்குத்தான்டா உசுரு போகுது, ஓட ஆரம்பிச்சிட்டாப் பரவால்ல" என்பாள். இன்றைக்கு அவளால் தலை சீவக் கையைத் தூக்க முடியாது.

பள்ளிக்கூடம் போகாத அம்மா சொன்னது சரியான இயற்பியல். நிற்கிற வண்டியைக் கிளப்பத்தான் விசை அதிகம் வேண்டும். சின்னச் சக்கரம் குழியில் விழும், பெரிய சக்கரம் ஏறிப்போகும். பால் பேரிங்கும் காற்றடித்த டயரும் இருந்தால் தோளுக்கு வருகிற பாரம் வெகுவாகக் குறையும். கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்க வேண்டும், தாழ்ந்தால் முதுகு வளையும். இழுப்பதைவிடத் தள்ளுவது நல்லது. ஆனால் தொட்டி தளும்ப ஏற்றினால் முன்னால் வருவது தெரியாது, அப்புறம் இழுக்கத்தான் வேண்டும். இதெல்லாம் சைக்கிள் கடைப் பையனுக்கே தெரியும். ஆபீசில் உட்கார்ந்து டெண்டர் போடுகிறவனுக்குத் தெரியாதா? தள்ளப்போவது யார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இதே வட்டாரத்து நூல் மில்களில் நம்ம பிள்ளைகள் டிராலி தள்ளுகிறார்கள். அங்கே சக்கரம் சிக்கினால் உற்பத்தி சிக்கும், பிட்டர் ஓடிவருவான். காயம் வரக்கூடிய பாரத்தைத் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ விடக்கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் 34ஆம் பிரிவில் எழுதினார்கள். தெருதான் தொழிற்சாலை ஆகாதே. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. அதிலும் முழுப் பாரமும் ஆள்மேல் இருந்தால்தான் கணக்கு. சக்கரத்தில் வைத்துவிட்டால் கணக்கில் வராது.

மாணவத் தோழரின் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. 1949இல் பம்பாய் அரசு போட்ட பார்வே குழு, 1957இல் மத்தியில் போட்ட மல்கானி குழு, ரெண்டும் மலக்கூடை தலையில் ஏறக்கூடாது என்றன. தள்ளுவண்டி கொடுக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியது. கூடை தலையிலிருந்து இறங்கியது, வேலை அதே சாதியின் கையில் இருந்தது. 2020இல் தமிழ்நாட்டில் 'தூய்மைப் பணியாளர்' என்று பேரை மாற்றினார்கள். இப்போது பேட்டரி வண்டி வருகிறது. பேட்டரி செத்த அன்றைக்கு அதைத் தள்ளுவதும் அதே கைதான்.

அதற்காகக் கிரீஸை விட்டுவிடச் சொல்கிறீர்களா? 1936இல் சாதி ஒழிப்பை எழுதிய அம்பேத்கர்தான் 1946இல் தொழிற்சாலை வேலையை வாரம் 48 மணியாகக் குறைக்கும் மசோதாவையும் கொண்டுவந்தார். அவரையும் சீர்திருத்தவாதி என்போமா? சாதி ஒழியும்வரை அந்த அக்கா விடியக்காலம் அஞ்சு மணிக்கு வண்டியைக் கிளப்பியாக வேண்டும். தோள் போனவளை எந்த ஊர்வலத்துக்குக் கூப்பிடுவீர்கள், தோழர்?

அடுத்த கூட்டத்துக்குத் தாளை நான் எழுதிக்கொண்டு வருகிறேன். பணி நிரந்தரத்துக்குக் கீழேயே பேரிங், டயர், கைப்பிடி உயரம், மாசம் ஒருதரம் கிரீஸ், ஒரு வண்டிக்கு ரெண்டு ஆள். வாசிக்கப்போவது அந்த அக்கா.